குருவிகளுக்கு நான் அடித்த பெட்டிகள்

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆவணி மாதம் கலவரத்துக்குத் தப்பிக் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கிய சனத்தோடு என் கணவரின் தங்கையும் அவளுடைய புருஷனும் மூன்று மாதக் குழந்தையும் இணுவிலில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். உடுத்திருந்த உடுப்பைத் தவிர அவர்களிடம் ஒரு பால்போத்தல்தான் மிச்சம். பின்விறாந்தையை அடைத்து அவர்களுக்கு ஓர் அறை ஆக்கிக் கொடுத்தோம்.

அந்த விறாந்தையில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளி முழுக்க ஊர்க்குருவிகள் கூடு வைத்திருந்தன. அதுவரை அது ஒருவருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. இப்போது ஏணையில் கிடந்த குழந்தையின் முகத்தில் வைக்கோலும் இறகும் விழுந்தன. குருவிப்பேன் கடித்துப் பிள்ளையின் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. ஆசாரியைக் கூப்பிட்டு சீலிங் அடித்து, சுவர் மேலிருந்த இடைவெளிக்கெல்லாம் வலைக்கம்பி வைத்து மூடினோம். அது செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் ஆசாரி ஒரு தடியை விட்டுக் கூடுகளை இழுத்துக் கொட்டியபோது இரண்டில் முட்டை இருந்தது. எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டவள் நான்.

அடுத்த நாள் விடிய, வாயில் வைக்கோல் துரும்போடு குருவிகள் வந்து அந்த வலையில் மோதின. விழுந்து எழும்பித் திரும்பவும் மோதின. மூன்று நாளாக இதே கதை. நான் முன் விறாந்தையில் தையல் மெசினோடு இருப்பவள். வீட்டடி ஒழுங்கையில் இருக்கிற பெண்களின் சட்டைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகளும் என்னிடம்தான் தைக்க வரும். அந்த மூன்று நாளும் மெசின் சத்தத்தை மீறி அந்த வலை அதிர்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் சீலிங்கில் மிஞ்சிய பலகைத் துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பெட்டி அடிக்கத் தொடங்கினேன். என் கணவர் தோட்டக்காரரின் தண்ணீர் பம்ப் திருத்துகிறவர். அவருடைய ஆயுதப் பெட்டியை வீட்டில் வேறு ஒருவரும் தொடுவதில்லை. அன்று அவர் கோண்டாவில் பக்கம் ஒரு பம்ப் பார்க்கப் போயிருந்தார். நான் கைவாளையும் சுத்தியலையும் எடுத்தேன். சீலையை வெட்டத் தெரிந்த கைக்குப் பலகை அவ்வளவு பெரிய வேலையாக இருக்காது என்று நினைத்தேன். பெருவிரல் நகம் கறுத்துப்போன பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. பின்நேரம் பெட்டி முடிந்தது. ஒரு பக்கம் சரிந்து, ஒரு மூலை வாய் பிளந்திருந்தது.

அவர் வந்து வாளைப் பார்த்தார். பல்லில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"என்ரை வாளை ஆர் தொட்டது?"

நான்தான் என்றேன். பெட்டியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குருவி வந்து உம்மட்டைக் கேட்டதோ, பெட்டி வேணுமெண்டு?"

"ஓம், மூண்டு நாளாக் கேட்டுக்கொண்டிருக்கு" என்றேன்.

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது ஆயுதப் பெட்டியைப் பூட்டாமல் விட்டுவிட்டுப் போனார்.

அந்த முதற்பெட்டியில் குருவி வரவில்லை. மைனா வந்தது. வாசலை நான் பெரிதாக வெட்டிவிட்டேன். குருவிச் சோடி கிட்டப் போனதும் மைனா கலைத்தது. பலகையை மாற்றி, இரண்டு ரூபாய் நாணயக் குத்தியை வைத்து வட்டம் கீறி, அதைச் சுற்றி ஒரு நெல்மணி அகலம் கூட்டி வெட்டினேன். மைனா தலையை விட்டுப் பார்த்தது, தோள் போகவில்லை. பத்தாம் நாள் கறுத்தக் கழுத்துச் சேவற்குருவியொன்று வாசலில் இருந்து கத்தத் தொடங்கியது. சாயங்காலம் பேடு வைக்கோலோடு உள்ளே போனது. அன்றைக்கு நான் தைத்த சட்டை ஒன்றின் கை மாறிப் போய்விட்டது. பிறகு பிரித்துத் தைத்தேன்.

எனக்கு ஓர் அளவுப் புத்தகம் இருந்தது. முன்பக்கங்களில் மார்பளவு, கையளவு என்று வாடிக்கையாளரின் கணக்கு. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்தில் குருவிகளைப் பற்றி எழுதத் தொடங்கினேன். எந்தப் பெட்டி, எப்போது முட்டை, எத்தனை, எப்போது பொரித்தது, எப்போது பறந்தது. பிற்பாடு நாலைந்து புத்தகங்கள் அப்படி நிரம்பின. தொண்ணூற்றைந்தில் எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அவை அலுமாரிக்குள்ளேயே போய்விட்டன. இங்கே நான் எழுதுவது ஞாபகத்திலிருந்துதான்.

அடுத்த ஆண்டு பெட்டிகள் நாலாயின. மழை படாமலிருக்க மேலே தகரம் அடித்தேன். அது எனக்குப் பெரிய கெட்டித்தனமாகப் பட்டது. மேற்குப் பார்த்த சுவரில் ஒன்றைத் தூக்கினேன். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் அந்தப் பெட்டியிலிருந்து சத்தம் நின்றுபோயிற்று. திறந்து பார்த்தபோது நாலு குஞ்சும் கழுத்தை நீட்டியபடி செத்துக் கிடந்தன. தகரத்தில் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சுட்டது. பூனையும் இல்லை, காகமும் இல்லை. நான்தான் அவற்றை அவித்தேன். அதைப் புத்தகத்தில் அப்படியே எழுதினேன். தாய்க்குருவி வாயில் புழுவோடு பின்நேரம் வரை வந்து வந்து போனது. நான் மெசினை மூடிவிட்டு உள்ளே போய் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் அடித்த எந்தப் பெட்டிக்கும் தகரம் போடவில்லை. கூரைக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு, தென்னங்கிடுகில் இன்னொரு கூரை கட்டினேன். வாசலை வடக்குப் பார்க்க வைத்தேன். மேற்பலகைக்குக் கீழே காற்றுப் போக நாலு துளை போட்டேன். ஒரு பக்கப் பலகையைக் கதவாக்கி, பழைய செருப்பு வாரை வெட்டிப் பிணைச்சலாக அடித்தேன். பெட்டியை அசைக்காமல் திறந்து பார்க்கலாம். அந்தக் கதவு முழுக்க முழுக்க என் சொந்த யோசனை. என் கணவர் ஒரு நாள் அதை இரண்டு மூன்று தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, பம்ப் பெட்டி ஒன்றுக்கும் அதே மாதிரிப் போட்டார். நான் கண்டுகொண்டேன்.

இன்னொன்றும் படித்தேன். குருவிகள் என் மெசினடியில் விழுகிற நூல்களைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கூட்டில் வைக்கும். எனக்கு அது பெருமையாக இருந்தது, என் நூலில் அவை வீடு கட்டுகின்றன என்று. ஒரு நாள் காலமை, பறக்கிற பருவத்துக் குஞ்சொன்று பெட்டி வாசலில் தலைகீழாகத் தொங்கியது. காலில் நீல நூல் சுற்றி இறுகியிருந்தது. சின்னக் கத்தரிக்கோலால் நூலை அறுத்து, ஊசி நுனியால் சதையிலிருந்து மெல்லப் பிரித்தேன். முந்தானையால் சுற்றிக் கையில் வைத்திருந்தபோது அதன் இதயம் என் உள்ளங்கையில் அடித்தது. ஒரு விரல் ஏற்கெனவே செத்துக் கறுத்துவிட்டது. திரும்ப உள்ளே விட்டேன், இரண்டு நாளில் பறந்தது. அடுத்த வருடம் ஒரு விரல் இல்லாத சேவலொன்று கிணற்றடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டது. அதுதான் இது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் நான் அப்படித்தான் நம்பினேன். அன்று முதல் நூல் துண்டுகளை ஒரு விரற்கடைக்கு மேல் நீளமாகக் கீழே விடுவதில்லை.

பின்விறாந்தையிலிருந்த மச்சாள் குடும்பம் அச்சுவேலிக்கு வீடு பார்த்துப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிச் சனம் கதைத்தது, குருவிகளோடு சேர்த்தும் கதைத்தது. நான் காது கொடுக்கவில்லை.

பூனை சுவரில் ஏறத் தொடங்கியதால், கிணற்றடிக் கமுகிலிருந்து வேலிக் கதியால் வரைக்கும் கம்பி இழுத்துப் பெட்டிகளை அதில் தொங்கவிட்டேன். எரிந்துபோன மோட்டர்களிலிருந்து என் கணவர் கழற்றிய செப்புக் கம்பிதான் வீட்டில் இருந்தது. ஒன்பது பெட்டிகள், செப்புக் கம்பியில், வரிசையாக. இந்திய ஆமி இருந்த காலத்தில் அது எப்படித் தெரியும் என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒரு காலமை சுற்றிவளைப்பு. ஆம்பிளைகளை எல்லாம் சந்திக்கு வரச்சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள், என் கணவரும் போனார். நான் தனியே மெசினடியில் இருந்தேன். வேலியைப் பிரித்துக்கொண்டு ஐந்து பேர் வளவுக்குள் வந்தார்கள். ஒருவன் பெட்டிகளைக் கண்டதும், கண்ணிவெடி என்று நினைத்துக் கத்தினான். மற்றவர்கள் பின்னுக்குப் போய்க் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் பதுங்கினார்கள். துவக்கெல்லாம் பெட்டிகளைப் பார்த்து நீண்டன.

அவர்களில் ஒருவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அது என்ன என்று கேட்டான். குருவிக்கூடு என்றேன். கம்பி எதற்கு என்றான். பூனைக்காக என்றேன். அவன் நம்பவில்லை. அவனுடைய இடத்தில் நின்றிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

"நீயே போய்க் கழட்டு. தலைகீழாக் கொட்டு."

நான் பெட்டியடிக்கு நடந்து போனேன். முதற்பெட்டிக்குள் பொரித்து ஐந்தாறு நாளான குஞ்சுகள் இருப்பது எனக்குத் தெரியும்.

"கொட்ட ஏலாது. உள்ளுக்குக் குஞ்சு கிடக்கு. கதவைத் திறந்து காட்டுறன், வந்து பாருங்கோ."

"கொட்டுன்னு சொன்னேன்."

"நான் கொட்ட மாட்டன்."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னால் ஒரு துவக்கின் சத்தம் கேட்டது, சுட்டதல்ல, இழுத்து விட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்புவாரைப் பிடித்துக் கதவைத் திறந்தேன். என் முகத்தைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றேன், வெடிப்பதென்றால் எனக்குத்தான் முதலில் என்று அவர்கள் காணட்டும் என்று. என் நிழல் விழுந்ததும் தாய் வந்துவிட்டதென்று நினைத்து நாலு குஞ்சும் மஞ்சள் வாயைப் பிளந்தன.

தமிழ் தெரிந்தவன் மெல்ல மெல்ல வந்து எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றான். மொத்தம் எத்தனை என்று கேட்டான். ஒன்பது என்றேன். ஒன்பதையும் திறக்கச் சொன்னான். ஒவ்வொன்றாகத் திறந்தேன். மூன்றில் முட்டை, நாலில் குஞ்சு, ஒன்று வெறும் பெட்டி, ஒன்றுக்குள் ஒரு பல்லி. ஒரு பெட்டியையும் அவர்கள் தொடவில்லை. பொழுதுபடுவதற்குள் கம்பி இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போனார்கள்.

மத்தியானம் என் கணவர் திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னேன். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் என்னை அவ்வளவு ஏசியது அன்றைக்குத்தான்.

"உமக்கென்ன விசரோ? கொட்டச் சொன்னால் கொட்டுறதுதானே?"

கிணற்றுக்கட்டில் போய் இருந்தார். பிறகு எழும்பி, ஆயுதப் பெட்டியிலிருந்து குறடு எடுத்து, ஒவ்வொரு பெட்டியாகக் கம்பியை அவிழ்த்து, குழந்தையை இறக்குவது போல இறக்கினார். நான் கயிறு கொடுக்க, அதே இடத்தில் கட்டினார். இரண்டு கூடுகளைத் தாய்க்குருவிகள் கைவிட்டுவிட்டன. ஐந்து கூடுகள் தப்பின. என் ஆயுளில் துவக்குக்கு முன்னால் நான் சொன்ன ஒரே "மாட்டன்" அதுதான். வேறு எவராவது வந்திருந்தால், தமிழ் தெரியாதவன் வந்திருந்தால், என்ன ஆகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். என்றாலும் அதைச் சொன்னவள் நான் என்பதில் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும்.

கம்பி போய்த் தும்புக் கயிறு வந்ததும் அணிலுக்குக் கொண்டாட்டம். கயிற்றில் நடந்து போய் முட்டை முழுவதையும் குடித்தது. கயிற்றுக்குக் கிறீஸ் பூசினேன், சாம்பல் தடவினேன், முள்ளுக் கட்டினேன். ஒன்றும் சரிவரவில்லை. ஒரு வருடம் முழுக்க ஒன்பது பெட்டியிலிருந்தும் பறந்த குஞ்சுகள் மூன்றே மூன்று. விட்டுவிடலாமா என்று நினைத்த காலம் அது.

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் சண்டை தொடங்கியதும் குருநகர்ச் சனம் இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்தது. ஒரு மீன்பிடிக் குடும்பம் எங்கள் பின்னறைக்கு வந்தது, புருஷனும் பெண்சாதியும். அவளுக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. சுவரில் மாதா படத்தை மாட்டினாள். புருஷன் கடலுக்குப் போக வழியில்லாமல் வேலியோரம் குந்தியிருப்பார். வீட்டிலிருந்து அவர் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு தங்கூசிக் கட்டு மட்டும்தான், தூண்டிலுக்குப் போடுகிற நைலோன் நூல். அதை அவர் தலைமாட்டில் வைத்துப் படுப்பார் என்று அவள் என்னிடம் சொன்னாள்.

ஒரு நாள் நான் அணிலுக்குக் கல்லெறிந்துகொண்டு நிற்கும்போது அவள் வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"அக்கா, கயித்திலை எண்டால் அது நடக்கும்தானே. தங்கூசியிலை ஏலாது, வழுக்கும்."

அவள் உள்ளே போனாள். மெல்லிய குரலில் ஏதோ கதைக்கிற சத்தம் கேட்டது. அவளுடைய புருஷன் தங்கூசிக் கட்டோடு வெளியே வந்தார். கையை விரித்து நெஞ்சுக்குக் குறுக்கே பாகம் பாகமாக அளந்தார். முதலாவது வெட்டு வெட்டும்போது கொஞ்சம் தயங்கினார். பிறகு மளமளவென்று வெட்டினார். அவள் மரத்தில் ஏறி முடிச்சுப் போட்டாள். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு.

அடுத்த நாள் அணில் வழமைபோல வந்தது. தங்கூசியில் இரண்டு அடி வைத்தது, சுழன்று தொங்கியது, தொப்பென்று கீழே விழுந்தது. எழும்பி உடம்பை உதறிவிட்டுத் திரும்ப ஏறி, திரும்ப விழுந்தது. வந்த நாள் முதல் சிரிக்காத அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய பெண்சாதி அணிலைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த முறை ஒன்பது பெட்டியிலும் குருவி இருந்தது. அதற்குப் பிறகு குண்டு போடப் பொம்பர் வந்தது, கரண்ட் போனது, மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை. பொம்பர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்குவோம். ஏறி வந்து பார்த்தால் குருவி புழு கொடுத்துக்கொண்டிருக்கும். பலகை கிடைக்காதபோது குண்டு விழுந்த வீடுகளின் யன்னல் பலகையைச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி அடித்தேன். வளைந்த ஆணிகளை என் கணவர் பொறுக்கிக்கொண்டு வந்து, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தித் தருவார். நான் கேட்டுச் செய்ததில்லை, அவர் தானாகவே செய்தார்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ரீச்சர் ஒருவர் சட்டை தைக்க வருவார். ஒரு நாள் அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது அளவுப் புத்தகம் கையிலிருந்து விழுந்து பின்பக்கம் திறந்துகொண்டது. அவர் அதை எடுத்தார். நின்ற நிலையிலேயே பக்கம் பக்கமாகப் படித்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி வருகுது, நீங்கள் வந்து இதைச் சொல்ல வேண்டும் என்றார். நான் சிரித்தேன். பத்தாம் வகுப்பில் விஞ்ஞானம் தவறி வீட்டில் நின்றவள் நான் என்று சொன்னேன். அது தனக்குத் தேவையில்லாத கதை என்றார்.

கண்காட்சி அன்று என் கணவர் சைக்கிள் கரியரில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டார், என்னை முன்பாரில் ஏற்றிக்கொண்டார். பிள்ளைகளின் மின்கலத்துக்கும் எலும்புக்கூட்டுக்கும் நடுவில் எனக்கொரு மேசை. கதவைத் திறந்து காட்டத் தொடங்கியதும் பேச்சுத் தானாக வந்தது. முட்டை பொரிக்கப் பன்னிரண்டு நாள், பிறகு பறக்கப் பதினாலு பதினைந்து நாள் என்றேன். வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த ஓர் உயிரியல் ஆசிரியர் கடைசிவரை நின்று கேட்டார்.

"உங்களுக்கு இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை, சேர். பிழை விட்டு விட்டுப் பாத்ததுதான்."

தான் புத்தகத்தில் படித்த நாள் கணக்கும் அதுதான் என்று அவர் பிள்ளைகளுக்குத் திரும்பிச் சொன்னார். அந்த நேரம் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. யாரோ ஒருவரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "உந்தப் பெட்டி, உந்தக் கதவு எல்லாம் என்ரை மனிசியின்ரை மூளை. நான் ஆணி நிமித்திக் குடுத்தது மட்டுந்தான்."

பெட்டியைத் திரும்பவும் கரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது ஒரு கத்தரித் தோட்டக்காரர் சைக்கிளை மறித்தார். பூச்சிமருந்து வராததால் தோட்டம் முழுக்கப் புழு. குருவி தன் குஞ்சுக்கு நெல் கொடுக்காது, புழுதான் கொடுக்கும் என்று கண்காட்சியில் நான் சொன்னதை அவர் கேட்டிருந்தார். தோட்டத்தில் வைக்க ஆறு பெட்டி அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். பலகை கொண்டுவந்தால் அடித்துத் தருவேன் என்றேன். அடுத்த சந்தியில் இன்னொருவர் மறித்தார். அதற்கடுத்த ஒழுங்கையில் இரண்டு பெண்கள். எல்லோருக்கும் இறங்கி நின்று, வாசலின் அளவு, வடக்குப் பக்கம், தங்கூசி என்று முதலிலிருந்து சொன்னேன். கால்மணி நேரத்தில் போகிற வழிக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தது. என் கணவர் ஒவ்வொரு இடத்திலும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். எனக்கும் அன்றைக்கு ஓர் அவசரமும் இருக்கவில்லை.